இரைச்சல் அடங்கும் நேரம்

கொன்னைத்துறைப் பள்ளிக்கூட முகாம்,
குமரி மாவட்டம்.
4 ஜனவரி 2005

சாரதா,

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். "லைன் போயிருச்சுங்க" என்று நாகர்கோவில் பூத்துக்காரரிடம் சொல்லிச் சமாளித்தேன். லைன் போகிற சத்தத்துக்கும் ஒருத்தர் வைக்கிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? எனக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. எல்லார் கையிலும் கசங்கிய ஒரு துண்டுக் காகிதம், அதில் ஒரு நம்பர். மறுபடி கூப்பிட மனசு வரவில்லை. பனியன் மூட்டைகளை இறக்கிவிட்டு நல்லானின் லாரி திருப்பூர் திரும்புகிறது. அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போனில் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

கடல் ஊருக்குள் வந்த மறுநாள் நான் வயர்லெஸ் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நம் கட்டிங் மாஸ்டர் ஜெபக்குமார் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். "மணல்துறை நான் பொறந்த ஊருண்ணே. ஒரு போனும் போவ மாட்டேங்கு. நானும் வாரேன்" என்றான். வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் வேறு வண்டி பிடித்து வந்திருப்பான்.

இங்கே டெலிபோன் கம்பங்கள் தென்னந்தோப்புக்குள் கிடந்தன. செல்போன் டவர் நின்றது, கரண்ட் இல்லாமல் ஊமையாக. எந்தக் கரையில் யார் மிச்சம், யாருக்கு மருந்து வேண்டும், எங்கே தண்ணீர் இல்லை என்று நாகர்கோவிலுக்குச் சொல்ல எங்கள் பெட்டிகளை விட்டால் வேறு வாய் கிடையாது. என்னைப் போல ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து முகாமுக்கு ஒருவராக உட்கார்ந்தோம். நான் இந்தப் பள்ளிக்கூட மாடியில் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினேன்.

மணல்துறை ஆற்றுக்கு அக்கரையில், ஆறு கடலில் சேர்கிற இடத்தில் இருக்கிறது. பாலம் போய்விட்டதால் அங்கே யாரும் போகவில்லை. "கையில ஒரு செட்டு குடுங்கண்ணே. நான் போயி ஆளு இருக்கா இல்லியான்னு சொல்லுதேன்" என்று ஜெபா வாங்கிக்கொண்டு வள்ளத்தில் போனான். அதன்பிறகு அவன் குரல்தான் எங்களுக்கு மணல்துறை. உயிரோடிருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வான். நான் எழுதி நாகர்கோவிலுக்கு வாசிப்பேன். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "இவிய எனக்கு ஒண்ணாங் கிளாஸ் டீச்சர்ணே. என்னைய அடையாளம் தெரியல்லியாம்" என்று சிரித்தான்.

வியாழக்கிழமை, கடல் மறுபடி வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கரை முழுக்க ஜனம் ஓடியது. "அண்ணே, எல்லாரும் ஓடுதாவ. வள்ளத்துல ரொம்ப ஆளு ஏறுது. நான் கரையிலதான் நிக்கேன், ஒரு நிமிசம்" என்றான். அதுதான் கடைசி. வள்ளம் நடு ஆற்றில் கவிழ்ந்தது. கடல் வரவேயில்லை, சாரதா.

அவன் தண்ணீரில் குதித்ததைப் பார்த்தேன் என்கிறார் ஒருவர். அக்கரை ஏறிப் போனான் என்கிறார் இன்னொருவர். காயம்பட்டவர்களை ஏற்றிய லாரியில் அவனும் இருந்தான் என்று ஒரு பெண் சத்தியம் செய்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டேன். உடல்களை வைத்திருந்த இடங்களுக்கும் போனேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜெபா இல்லாமல் ஊட்டுப் பக்கம் வராதீங்க என்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. நானும் அப்படி வருவதாக இல்லை.

வேல்குமார்


முருகன் துணை
வேலம்பாளையம்,
8.1.2005

மாமாவுக்கு,

நான் ஏன் போனை வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆஷா என் பக்கத்தில் நின்றாள். உங்கள் போன் என்றதும் தன் புருஷன் குரலும் கேட்கும் என்று மெஷினை நிறுத்திவிட்டு ஆபீஸ் ரூமுக்கு வந்துவிட்டாள். நீங்கள் "ஜெபாவைக் காணோம்" என்றபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் முகம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். அதனால்தான் வைத்தேன். அதற்கு முன் சொன்ன வார்த்தை கோபத்தில் வந்தது. ஆனால் கோபம் பொய்யில்லை.

அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? லைன் சரியில்லை, ஜெபா அக்கரையில் வேலையாக இருக்கிறானாம் என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த நாள் உங்களோடு வேனில் போன லோடுமேன் ஊருக்குத் திரும்பி, டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் பொய் சொன்னதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அழவில்லை. வழக்கம்போல வேலைக்கு வருகிறாள். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாள். சாப்பாட்டு மணி அடித்தால் இரண்டு தட்டு கழுவி வைக்கிறாள். அவர்கள் இருவரும் எப்போதும் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் சேர்ந்து உட்கார்ந்துதானே சாப்பிடுவார்கள். ஒரு தட்டில் மட்டும் சோறு போட்டு, இன்னொன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

கட்டிங் டேபிளில் அவன் பாதி வெட்டிய துணி இன்னும் விரித்தபடியே கிடக்கிறது. புது மாஸ்டர் வந்து "இதை எடுத்துரலாங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, இருக்கட்டுங்க என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் மாடி ரூமில் அந்தப் பெட்டியின் முன்னால் நீங்கள் உட்கார்ந்து எந்தெந்த நாட்டுக்காரனிடமோ பேசுவீர்கள். கீழே நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும் ஒருநாள் இது பத்துப் பேருக்கு உதவும் என்று நீங்கள் சொன்னபோது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி வந்து என் முன்னால் நின்றுகொண்டு ஒன்றும் கேட்காமல் இருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சாப்பிடுகிறீர்களா?

சாரதாமணி


கொன்னைத்துறை
12 ஜனவரி 2005

சாரதா,

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். படித்துவிட்டு உன் மனதோடு வைத்துக்கொள்.

தினமும் சாயங்காலம் நான் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிடுவேன். எந்தெந்த ஊரில் யார் கையில் செட்டு இருக்கிறதோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொள்வேன். கடைசியாக மணல்துறை, ஜெபக்குமார் என்று கூப்பிடுவேன். அவன் காணாமல் போன பிறகும் கூப்பிடுவதை நான் நிறுத்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

நம் வீட்டு மாடியில் பெட்டியைப் போட்டால் சும்மா இருக்கும்போது 'உஸ்' என்று மழை மாதிரி இரைச்சல் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? யாராவது அவர்கள் கையிலிருக்கும் செட்டின் பொத்தானை அழுத்தினால் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். பிறகுதான் குரல் வரும். சனிக்கிழமை சாயங்காலம் நான் அவனைக் கூப்பிட்டேன். இரைச்சல் அடங்கியது. குரல் வரவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஜெபா, ஜெபா, வேல்குமார் பேசறேன், எங்கடா இருக்கே?" என்று கத்தினேன். மறுபடி இரைச்சல், மறுபடி அடங்கல். காற்று வீசுகிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. அதற்குள் ஒரு மூச்சு இருந்ததா, அல்லது நான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா, தெரியாது.

உடனே மற்ற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "உங்கள் செட்டா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். அப்படியென்றால் அது ஜெபா கொண்டுபோன செட். தண்ணீருக்குள் போயிருந்தால் அது பேசாது. யாரோ பாட்டரியை சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். ஆக, கரையில், ஒரு கையில் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் இதுதான். நான் அவன் பெயரைச் சொன்னால் இரைச்சல் அடங்குகிறது. வேறு யார் பெயருக்கும் இல்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கும் நண்பர், வயசானவர், நிதானமானவர். அவரே நேற்று, "வேலு, நீங்க கூப்பிட ஆரம்பிக்கும்போது எனக்குக் கை சில்லுன்னு ஆயிருதுய்யா" என்றார். நான் ஜெபாவின் பேருக்கு வரும்போதே அவர் பெட்டியை அணைத்து வைத்துவிடுகிறாராம்.

தலையில் அடிபட்டுப் பேச முடியாமல் எங்காவது கிடக்கிறானா? தன் பெயரை அறிந்து பொத்தானை மட்டும் அழுத்துகிறானா? அல்லது நான் நினைக்க விரும்பாத வேறு ஏதாவதா? ஆன்டெனாவை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அக்கரையிலிருந்து வரவில்லை. இந்தக் கரையிலிருந்துதான் வருகிறது, பக்கத்திலிருந்தே. பள்ளிக்கூடத்தைச் சுற்றி அறைகளும் கூடாரங்களுமாக ஆயிரக்கணக்கில் ஜனம். ஒவ்வொரு கூடாரமாகக் கேட்டுவிட்டேன். எல்லாரும் இல்லை என்கிறார்கள். நாம் அனுப்பிய பனியன்களைப் போட்டுக்கொண்டு, மார்பில் வெள்ளைக்காரக் கிறிஸ்துமஸ் தாத்தா சிரிக்க, அந்த ஜனங்கள் என்னைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் கேட்கவே வாய் வருவதில்லை.

ஆஷாவிடம் சொல்லிவிடாதே. இது நம்பிக்கையா வேறொன்றா என்று தெரியாமல் அவள் கையில் கொடுக்கக் கூடாது.

வேலு


முருகன் துணை
வேலம்பாளையம்,
பொங்கலுக்கு மறுநாள், 15.1.2005

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னால் மாடி ரூமைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் உள்ளே போய் நீங்கள் விட்டுப்போன பெட்டியைப் போட்டேன். நீங்கள் சொன்ன மழைச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தால் பிறகு நிற்பதேயில்லை. பயந்துபோய் அணைத்துவிட்டுக் கீழே ஓடிவந்தேன். நீங்கள் தினமும் அதன் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்!

பொங்கலுக்கு யூனிட் லீவு. சர்ச்சில் ஜெபாவுக்காக நினைவு ஜெபம் வைக்கலாமா என்று கேட்டுப் பெரியவர்கள் ஆஷாவின் ரூமுக்குப் போயிருக்கிறார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பக்கத்து ரூம் பெண்கள் பயந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்த் தட்டியதும் திறந்தாள். "அக்கா, ஆளு போயிட்டான்னு சொல்ல ஒருத்தர் வரணும்லா? பாத்தேன்னு ஒருத்தர் வந்து சொல்லணும்லா? சொல்லாம எப்படிக்கா ஜெபம் வைக்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு முன்னால் உங்கள் ரகசியத்தை வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லைங்க. சொன்னேன். அவன் பெயரைக் கூப்பிட்டதும் இரைச்சல் அடங்குகிறது என்றதை மட்டும் அவள் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு மாற்றுத் துணியை ஒரு பையில் போட்டாள். "தடுக்காதீங்கக்கா" என்றாள். தடுக்கவில்லை. நல்லானின் லாரியில் முன் சீட்டில் உட்கார வைத்தேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது.

நீங்கள் கோபப்படுவீர்கள். பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவளைத் தனியாகப் பெட்டியின் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

சாரதாமணி


கொன்னைத்துறை
18 ஜனவரி 2005

சாரதா,

கோபமில்லை. நீ அனுப்பியது சரி. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது.

ஆஷா லாரியிலிருந்து இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எந்தப் பெட்டிண்ணே?" என்றாள். மாடிக்குக் கூட்டிப் போனேன். சாயங்காலம்வரை சுவரோரம் உட்கார்ந்து, நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பால் பவுடர் எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு டாக்டர் என்றுதான் பேச்சு. இருட்டுவதற்கு முன் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். மணல்துறைக்கு வந்தேன். அவள் எழுந்து வந்து மைக்குக்குக் கை நீட்டினாள். எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.

அவள் ஜெபா என்று கூப்பிடவில்லை. "நான் ஆஷா பேசுதேன்" என்றாள். "ஜெபக்குமார் வீட்டுக்காரி. திருப்பூர்ல இருந்து வந்திருக்கேன். இது ஆரு கையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போயிட்டீகன்னு ஒருத்தரும் ஏச மாட்டோம். அவிய இருக்காகளா இல்லியா, அத மட்டும் சொல்லிருங்க."

கையை எடுத்தாள். இரைச்சல். அது வழக்கத்தைவிட நீளமாக ஓடியது. பிறகு அடங்கியது. ஆஷா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அமைதிக்குள் யாரோ மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்டது.

"மக்ளே" என்றது ஒரு பெண்ணின் குரல். "அவன் வரல்ல மக்ளே. நான் அங்கனயேதான் நின்னேன். வரல்ல."

ஆஷா மைக்கை என்னிடம் கொடுக்கவில்லை. "நீங்க எங்கன இருக்கியம்மா? நான் வாரேன்" என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம் என்று பதில் வந்தது. மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம், சாரதா. நான் தினமும் முகம் கழுவுகிற இடம்.

அவர் பெயர் செல்லத்தாய். மணல்துறைக்காரர் இல்லை. கடற்கரை ஊர்களில் கருவாடு வாங்கி உள்ளூர்ச் சந்தைகளில் விற்கிறவர். ஊருக்குள் வந்த அன்றே கடல் அவர் கணவரைக் கொண்டுபோயிருக்கிறது. தேடிக்கொண்டு கரை கரையாக நடந்து வியாழக்கிழமை மணல்துறையில் நின்றிருக்கிறார். வள்ளம் கவிழ்ந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு இளைஞன் கையிலிருந்த செட்டை இவரிடம் கொடுத்து, "இத நனையாம பிடிச்சிருங்கம்மா. இப்ப வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். ஒரு பெண்ணைக் கரைக்கு இழுத்துவந்து விட்டான். மறுபடி போனான். ஒரு கிழவரைக் கொண்டுவந்தான். மூன்றாவது தடவை போனபோது கடலின் பக்கம் இழுப்பு அதிகமாக இருந்திருக்கிறது. தலை தெரிந்ததாம், பிறகு தெரியவில்லையாம்.

அவன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கையிலிருந்த செட்டுக்குள்ளிருந்து நான் "ஜெபக்குமார், ஜெபக்குமார்" என்று கூப்பிட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. மீட்பு வள்ளத்தில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விட்டபோதும் செட்டை மடியில் மறைத்து வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் பக்கத்தில் தொண்டர்கள் செட்டுகளைச் சார்ஜ் போடுகிற பலகையில் தானும் கொண்டுபோய் வைப்பாராம். பாவம், யாருக்கோ எடுத்துவருகிறார் என்று பையன்களும் கேட்டதில்லை.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீரே. ஒரு மனுசன் இவ்வளவு நம்பிக் கூப்பிடுதானேன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்தா அவன் செத்துருவான். அதான் அழுத்திட்டு அழுத்திட்டு விட்டுட்டேன். வாய் வரல்ல."

செட்டைக் கேட்டு நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அவன்தான் வந்து வாங்க வேண்டுமாம்.

மேலே எழுத முடியவில்லை. ஆஷா செல்லத்தாயம்மாளின் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

வேலு


வேலம்பாளையம்,
21.1.2005

மாமா,

உங்கள் கடிதத்தைக் கட்டிங் டேபிளின் பக்கத்தில் நின்றே படித்தேன். படித்து முடித்ததும் விரித்துக் கிடந்த அந்தத் துணியை நானே மடித்தேன். புது மாஸ்டர் உதவிக்கு வந்தார். வேண்டாங்க என்றேன்.

யூனிட்டில் எல்லாருக்கும் சொன்னேன். ஜெபா இரண்டு பேரைக் கரையேற்றிவிட்டு மூன்றாவது தடவை போனான் என்று சொன்னேன். பெண்கள் அழுதார்கள். அழுததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இத்தனை நாளும் அழலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் முன்னால் ஆஷா நின்றபோது நான் போனை வைத்தேன். அவர் பொத்தானை விட்டார். இரண்டும் ஒன்றுதான் இல்லையா?

நீங்கள் வாருங்கள். ஜெபா இல்லாமல் வராதீங்க என்று சொன்ன வாயால்தான் சொல்கிறேன். இனி உங்களைத் தனியாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. வருத்தம் வரும். இரண்டு பேரும் சேர்ந்து பட்டுக்கொள்வோம்.

சாரதாமணி


கொன்னைத்துறை
24 ஜனவரி 2005

சாரதா,

ஆஷா இன்று கிளம்புகிறாள். இந்தக் கடிதம் அவளோடு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் செல்லத்தாயம்மாளும் ஆற்று முகத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போனேன். அந்த அம்மா தான் நின்ற இடத்தைக் காட்டினார். அங்கே காட்டுவதற்கு எதுவுமில்லை, மணல்தான். தண்ணீர் அமைதியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஷா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செல்லத்தாயம்மாளின் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அவிய வந்து வாங்குனதா நெனச்சுக்கிடுங்கம்மா. நனையாம வச்சிருந்தீகளே, அது போதும்."

அந்த அம்மா செட்டை மடியிலிருந்து எடுத்து, முந்தானையால் முன்னும் பின்னும் துடைத்து, அவள் கையில் வைத்தார். அப்போதுதான் ஆஷாவுக்கு அழுகை வந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். வள்ளத்தில் போன மீனவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

எங்களோடு வேலம்பாளையம் வந்துவிடுங்கள் என்று ஆஷா அவரைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்றுவிட்டார். "என் வீட்டுக்காரர பத்தி ஆராவது வந்து சொன்னா, கேக்க ஆளு வேண்டாமா?" என்றார். அவர் கணவர் பெயரை எல்லா முகாமுக்கும் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆஷா என்னிடம், "அண்ணே, இனிமே சாயங்காலம் அவியள கூப்பிடாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"நீங்க கூப்பிடக் கூப்பிட அவிய திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நிப்பாவ. போவட்டும்ணே."

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். கடைசிப் பெயருக்கு வந்தபோது எல்லாரும் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. நாகர்கோவில்காரரும் அன்று அணைக்கவில்லை. "மணல்துறையில் நமது நண்பர் ஜெபக்குமார் கடமை முடித்துவிட்டார். இனி அந்த ஊரைப் புது ஆள் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னேன். யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் இரைச்சல் அடங்கியது. பத்து ஊர்களில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் சொல்லாமலே தங்கள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். எல்லாருமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

மணல்துறைச் சர்ச் மணிக்கூண்டில் நிரந்தரமாக ஒரு செட் வைக்கிறோம். ஜெபாவுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தாரே, அந்த டீச்சர் தானே உட்கார்ந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இனி ஒரு புரளி கிளம்பினால் அது பொய்யென்று அந்தக் கரைக்கு உடனே சொல்ல ஒரு வாய் இருக்கும். அந்த வேலையை முடித்ததும் கிளம்புகிறேன்.

வேலு


வேலம்பாளையம்,
28.1.2005

மாமா,

ஆஷா வந்து சேர்ந்தாள். சர்ச்சில் நினைவு ஜெபம் வைத்தார்கள். யூனிட்டே போயிருந்தது. நம் ஆட்களில் சிலர் முதல்தடவையாக அந்தச் சர்ச்சுக்குள் நுழைந்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பின்னாலேயே நின்றோம்.

மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். இரண்டு நாள் இருந்துட்டு வா கண்ணு என்றேன். ரூமில் இருக்க முடியவில்லையாம். இங்கே சத்தமாக இருக்கிறதாம்.

நேற்று மத்தியானம் கரண்ட் போனது. உங்களுக்குத் தெரியும், கரண்ட் போனால் ஹாலில் எல்லா மெஷினும் ஒன்றாக நின்று இரைச்சல் சட்டென்று அடங்கும். உடனே பெண்கள் சிரிப்பும் பேச்சுமாக ஆரம்பித்துவிடுவார்கள். நேற்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஹால் முழுக்க அப்படி ஒரு அமைதி. ஆஷா துணியிலிருந்து மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். யாரோ பேச வாயெடுப்பதைக் கேட்கிற முகம். அவள் அப்படி இருந்ததைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஜெனரேட்டர் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் அவள்தான் பேசினாள்.

"ஜெனரேட்டரப் போடச் சொல்லுங்கக்கா" என்றாள். "வேல கெடக்கு."

சாரதா